மூக்கு செத்த விருந்து

"கண்ணை மூடு. இது இன்னா வாசனைன்னு சொல்லுய்யா," என்றாள் நர்ஸ் சவுரியம்மாள்.

சத்தார் கண்ணை மூடிக்கொண்டான். அவன் மூக்குக்கு நேரே டாக்டர் ஒரு சின்னக் குப்பியைப் பிடித்திருந்தார். மூச்சை நன்றாக இழுத்தான். இன்னொரு தரம் இழுத்தான்.

"தண்ணியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

சுவரோரம் நின்றிருந்த அவன் மனைவி சைராவுக்கு அந்த வாசனை அங்கேயே எட்டியது. கிராம்புத் தைலம்.

அவனை வேலூருக்கு அழைத்து வந்தது கண்ணுக்காக. வலது கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது என்றான். விடிந்து எழுந்தால் தலைவலி. கொஞ்ச நாளாகக் காரணமில்லாத சிரிப்பு வேறு.

டாக்டர் வெள்ளைக்காரர். அவர் தணிந்த குரலில் ஏதோ சொல்ல, சவுரியம்மாள் சைராவின் பக்கம் திரும்பினாள்.

"இதோ பாரும்மா. கண்ணு நரம்பு வெளுத்துப் போயிருக்கு. வெறும் கண்ணுன்னா மருந்து குடுத்துப் பாக்கலாம். மூக்கும் போயிருந்தா விஷயம் வேற. நெத்திக்குப் பின்னால, மூளையில கட்டி. மெட்ராசுக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறக்கணும்."

சைராவுக்கு, புருஷன் வேலை செய்கிற இடத்தில் தோலில் ஒட்டிய சவ்வைச் சீவுகிற வளைந்த கத்திதான் கண்முன் வந்தது.

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா! இவரு ஆம்பூர்ல தோல் ஷாப்பு ஆளு. தோலை ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில நிக்கிறவரு. அங்க எல்லாருக்குமே மூக்கு செத்துத்தான் இருக்கும். டாக்டரய்யாகிட்ட சொல்லுங்க!"

அவள் பொய் சொல்லவில்லை. ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு நாற்றத்தில் சோறு இறங்காது. ஓங்கரித்துக்கொண்டே கிடப்பான். என்றைக்குக் குழியோரம் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் தூக்குச்சட்டியைக் காலி செய்கிறானோ, அன்றைக்கு மற்றவர்கள் கூடி அவனுக்குப் பிரியாணி போடுவார்கள். மூக்கு செத்த விருந்து என்று அதற்குப் பெயர்.

சத்தாருக்கு மட்டும் அந்த விருந்து வருஷக்கணக்கில் தள்ளிக்கொண்டே போயிற்று. கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்ளாமல் அவனால் வேலைக்கு இறங்க முடியாது. நவாப் மூக்கு என்று கேலி பேசினார்கள். போன வருஷம் ஒருநாள் கிராம்பைத் துப்பிவிட்டு, இனிமேல் இது வேண்டாம் என்றான். ஷாப்பே கைதட்டி விருந்து போட்டது.

சவுரியம்மாள் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் நம்பாதவர் போலக் குனிந்து, சத்தாரின் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு அவரும் சிரித்துவிட்டார். குப்பியை மூடினார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து. தலைவலிக்குப் பொடி. ரம்ஜான் கழிந்து வரச் சொன்னார்கள்.

காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சைராவுக்கு மூச்சே வந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் புர்காவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றினாள். குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பாலைப் பாத்துக்குங்க. தோ வந்துடறேன்."

கிணற்றிலிருந்து திரும்பும்போது சந்து முனையில் அமீர் பாஷா எதிர்ப்பட்டான். சத்தாரோடு ஒரே குழியில் நிற்கிறவன். தலை நரைத்ததே அந்தக் குழியில்தான். ஷாப்பிலிருந்து நேராக வருகிறான். முழங்கால் வரை சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. அவனைக் கண்டதும் எதிரே வந்த ஆள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினான்.

"இன்னா தங்கச்சி, வேலூர் போன விஷயம் இன்னா ஆச்சு?" என்றவன், நின்று மூக்கைத் தூக்கினான். "யார் வூட்லயோ பால் தீயுது."

சைரா அவனையே பார்த்தாள்.

"உங்களுக்கு வாசனை தெரியுதா பாய்?"

"நல்லா கேட்ட போ! ஷாப்பு நாத்தம்தான் உறைக்காது. அதுக்குன்னு பால் தீயறது தெரியாம பூடுமா? அந்த வூட்ல வெங்காயம் தாளிக்கிறாங்க, எனக்கு இங்க வயித்தைக் கிள்ளுது."

குடத்துத் தண்ணீர் சிந்தச் சிந்த அவள் ஓடினாள்.

சத்தார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அடுப்பு அவனுக்கு வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில். சட்டியில் பால் வற்றி அடி கருகிப்போயிருந்தது. உள்ளே நிற்க முடியாதபடி தீய்ந்த நெடி.

"இன்னும் பொங்கல சைரா," என்றான்.

விருந்தன்று சத்தார் வீட்டுக்கு வந்து சொன்னது அவளுக்கு இப்போது நினைவு வந்தது. பிரியாணியில் துளிக்கூட வாசனை இல்லை, பண்டாரி மசாலாவில் கைவைத்துவிட்டான் என்றான். அவளும் சேர்ந்து அந்தச் சமையல்காரனைத்தான் திட்டினாள்.

பின்னாலேயே வந்த அமீர் பாஷா வாசல் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான்.

"இன்னா தோஸ்த், டாக்டர் இன்னாதான் சொன்னாரு?"

சத்தார் வாய் நிறையச் சிரித்தான்.

"மண்டையில ஒண்ணும் இல்ல பாய். நம்ம சைராதான் சொன்னா."

சைரா சட்டியைக் கீழே இறக்கினாள். கொடியிலிருந்து புர்காவை உருவினாள். ரயில் கரி இன்னும் அதிலிருந்து உதிர்ந்தது.