கிழங்கு எதைக் குடிக்கிறது?

தோட்டத்து மூலையில் ஒரு வேம்பு நின்றது. அதன் காலடி மண்ணுக்குள், மே மாதம் மட்டும் பூக்கிற ஒரு லில்லிக் கிழங்கு, இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

மாசியில் ஒரு நாள், "ஐயோ, மேலே ஒண்ணுமே காணோமே!" என்று இரக்கப்பட்டு, பூவாளி அங்கே தண்ணீர் ஊற்றியது.

"எனக்கு வேண்டாம்க்கா" என்று கிழங்கு உள்ளேயிருந்து முனகியது.

வேம்புக்குப் பொறி தட்டியது. எந்த வறட்சியையும் தாங்குகிற மரம்தான் அது. ஆனாலும் கிடைத்த தண்ணீரை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. 'கொடுக்கும்போது வேண்டாங்கிறவன், யாரும் பார்க்காதப்போ குடிக்கிறவனாத்தான் இருப்பான்.'

அன்றிலிருந்து கிழங்கைச் சுற்றி வேர்களைக் காவலுக்கு அனுப்பியது. பூவாளி ஊற்ற ஊற்ற, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது. 'இப்போ எதைத் திருடுவே?'

மே மாதம் வந்தது. கிழங்கு பெரிய சிவப்புப் பந்தாகப் பூத்து நின்றது.

"எதைக் குடிச்சு இப்படிப் பூத்தே?" என்று வேம்பு அதட்டியது.

"எதையும் குடிக்கலைண்ணே. தூங்கும்போது ஈரம் தங்கினா நான் அழுகிப்போயிடுவேன். நீங்கதான் எல்லாத்தையும் குடிச்சு என்னைக் காப்பாத்தினீங்க. ரொம்ப நன்றிண்ணே."

வேம்பு பூவாளியை அருகே கூப்பிட்டுக் கிசுகிசுத்தது:

"நன்றி சொல்றான், பார்த்தியா? என்கிட்டேயிருந்து என்னத்தையோ எடுத்திருக்கான்."