சுறாவுக்காகப் பிடிபட்ட கப்பல்

"புருஷன் வேலை பார்க்கிற கப்பலையே பிடிச்சுக் கொடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அலெக்சாண்டர் போட்ட சத்தத்தில் தொம்மலூரின் அந்த வரிசை வீடுகள் அத்தனையிலும் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார்.

தம்பி மனைவி ஜோசஃபின் தன் மடியில் கிடந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்தா, கடல் உயிரினங்களைக் காப்பாற்றும் அமைப்பின் வக்கீல் வீணா சால்வையும் பூங்கொத்துமாக வந்து நிற்க வேண்டும்!

"கங்கிராட்ஸ் ஜோசஃபின்! எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல்ல ஒரு கப்பலைப் பிடிக்கிறது லேசுப்பட்ட காரியமா? றெக்கையை மட்டும் அறுத்துக்கிட்டு, சுறாவை உயிரோட கடல்ல தள்ளியிருக்காங்க, பாவிங்க. அது கூடாதுன்னு ஒப்பந்தம் போட்ட நாடுகள்ல ஒண்ணு ரோந்துக் கப்பலை அனுப்பி, மடக்கிக் கரைக்குக் கொண்டு வந்திருச்சு. எல்லாம் நீங்க கொடுத்த போட்டோவாலதான். அடுத்த வாரம் உங்களுக்குப் பாராட்டு விழா!"

"விழாவா?" அலெக்சாண்டர் அவள் பக்கம் திரும்பினார். "அந்தக் கப்பல் ஆளுங்க அத்தனை பேரும் இப்ப வெளிநாட்டு ஜெயில்ல. அதுல ஒருத்தன் சிரில். என் தம்பி, இவ புருஷன். தெரியுமா மேடம்?"

"ஹவுதா?" வீணாவுக்குத் தமிழ் மறந்து கன்னடம் வந்துவிட்டது. "தெரிஞ்சவர் எடுத்த போட்டோன்னுதானே சொன்னீங்க, ஜோசஃபின்?"

"ஆமா மேடம். என் வீட்டுக்காரரோட அதே கப்பல்ல வேலை பார்த்த முனியப்பன் எடுத்தது. கை நசுங்கிப்போனதால அவரை மட்டும் வேற கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. பொம்மனஹள்ளிக்கு வந்ததும் என்கிட்ட கொடுத்தாரு."

"உடனே இவ கொண்டுபோய் உங்ககிட்ட நீட்டிட்டா!" என்றார் அலெக்சாண்டர். "ஹெப்பகோடியில ஏ.சி. மெக்கானிக்கா இருந்தவனை, ஏஜென்டைப் பிடிச்சு, கப்பல் ஃப்ரீசரைப் பார்த்துக்கிற வேலைக்கு அனுப்பினதே நான்தான். மாசம் தவறாம சம்பளம் வந்துச்சு. மீன் மேல வந்த பாசம் தாலி கட்டினவன் மேல வரலையே!"

வாசலில் கூடியவர்கள் "அதானே" என்றார்கள். அடுத்த வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதென்றால் நமக்கெல்லாம் எவ்வளவு சுலபமாக வருகிறது!

செல்போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். ஜோசஃபின் எடுப்பதற்குள் அலெக்சாண்டர் பிடுங்கி, "எல்லாரும் கேக்கட்டும்" என்று ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சிரில்! ஜெயில்ல அடிச்சாங்களாடா? உன் பொண்டாட்டி பண்ணின வேலையைப் பார்த்தியா?"

மறுமுனையில் அழுகைதான் கேட்டது.

"அண்ணா... மண்ணுல நிக்கிறேண்ணா."

"என்னடா சொல்றே?"

"தரையைப் பார்த்தே மூணு வருஷம் ஆச்சுண்ணா. அக்ரிமென்ட் முடிஞ்சும் விடலை. பாஸ்போர்ட் கேப்டன் கையில. கப்பல் கரைக்கே வராது. மீனை நடுக்கடல்லயே வேற கப்பலுக்கு மாத்திருவாங்க. டீசலும் அரிசியும் அங்கயே வந்துரும். ஊருக்கு விடுங்கன்னு வாயைத் திறந்தா இரும்புக் கம்பியால அடி. போன மாசம் ஹொசூர்ப் பையன் சீனு ஜுரத்துல விழுந்தான். கரைக்குக் கொண்டு போங்கன்னு காலைப் பிடிச்சோம். செத்ததும் கடல்லயே தூக்கிப் போட்டுட்டாங்க. இங்க ஜெயில்ல டாக்டர் வந்து பார்க்கிறாருண்ணா. வயிறு நிறையச் சோறு போடறாங்க. கேஸ் முடிஞ்சதும் எங்களை ஊருக்கு அனுப்பிருவாங்களாம்."

லைன் அறுந்தது. வாசலில் கூடியவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

"முனியப்பன் சொன்ன அந்தச் சீனுவா போயிட்டான்..." ஜோசஃபின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இன்னும் ஒரு மாதம் முன்னால் கப்பல் பிடிபட்டிருந்தால் அவனும் பிழைத்திருப்பானே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அலெக்சாண்டரின் குரல் இறங்கிவிட்டது. "இவ்வளவு நடந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னேன் மாமா. முனியப்பன் வந்த அன்னிக்கே ஓடி வந்து சொன்னேன். 'சம்பளம் வருதில்ல, சும்னே வாயை மூடிக்கிட்டு இரு'ன்னீங்க."

அவர் பிடுங்கிய செல்போனை அவள் மடியிலேயே திரும்ப வைத்தார்.

வீணா மெதுவாக அருகில் வந்து அவள் தோளைத் தொட்டாள். "என்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே ஜோசஃபின். ஆளுங்களைக் காப்பாத்துங்கன்னு கேட்டிருந்தா, மாட்டேன்னா சொல்லியிருப்போம்?"

ஜோசஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க ஆபீஸ்லயும் முதல்ல அதைத்தான் கேட்டேன் மேடம். 'நடுக்கடல்ல மனுஷங்களுக்கு நடக்கிறதை நாங்க பார்க்கிறதில்லை, சுறா, ஆமை மட்டும்தான்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் மறுநாள், சுறாவைக் காப்பாத்துங்கன்னு வந்தேன்."