இருக்கிறாயா

கல்லூரிகளை இணைக்கும் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது என் வேலை. திரையில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பச்சைப் புள்ளி. மாணவர்கள் சேராமல் மூடிவிட்ட ஒரு கல்லூரியும் இன்னும் பச்சையாகவே இருந்தது. அந்த லைனில் வேறெதுவும் போகவில்லை. ‘இருக்கிறாயா’ என்று எங்கள் சர்வர் எப்போதாவது கேட்கும். அங்குள்ள பெட்டியில் விளக்கு ஒருமுறை மின்னி, ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும். அவ்வளவுதான். எரிச்சலோடு அங்கிருக்கும் காவலாளி தங்கப்பழத்துக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டியை அணைச்சிருங்க.”

“அணைக்கணுமா சார்? இவ்வளவு பெரிய கட்டடத்துல அசையுறது அது ஒண்ணுதான். அடுத்து எப்ப மின்னும்னு பாத்துக்கிட்டேதான் சாப்பிடுவேன்.”

“சரி, கெடக்கட்டும்.”

நொடிக்கொரு தடவை கேட்கும்படி சர்வரை மாற்றிவிட்டு, அந்தப் புள்ளிக்கு முன்னால் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.