தானாக வெளியேறியவர்

என் கணவர் நெவில் ஆஸ்திரேலியாவின் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். பந்து மட்டையில் உரசி விக்கெட் கீப்பர் கைக்குப் போனதென்று, நடுவர் சும்மா நின்றபோதே தானாக வெளியேறிவிட்டார். நடுவர் விரல் தூக்கும்வரை நகரக் கூடாது என்பது எங்கள் நாட்டில் வேதம். அதன்பின் அவரை அணியில் சேர்க்கவே இல்லை.

போன வாரம் அவர் அடக்கம் முடிந்து கிளப்பில் தேநீர் கொடுத்தார்கள். அன்றைய கேப்டன் ராண்டல் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

“அவனை மாதிரி யோக்கியன் இனிமே பொறக்கப்போறதில்ல, ரோஸ்லின்.”

“அன்னிக்கு அவர் பையைத் தூக்கி வெளிய வீசினது நீங்கதானே?”

“வயசுக் கோளாறும்மா. இப்ப கிளப்புல நேர்மைக்குன்னு ஒரு கோப்பை தர்றோம். அவன் பேரை வைக்கணும். நீ சரின்னு சொல்லணும்.”

நாற்பது வருடம் நெவில் ஏங்கிய மரியாதை. தலையசைத்தேன்.

“அந்த அவுட்டப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னான்? கோப்பையில பொறிக்கணும்.”

“மனசாட்சி சொன்னதைச் செஞ்சேன்னார்.”

ராண்டல் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் நெவில் என்னிடம் சொன்னது வேறு.

“பந்து மட்டையில படவே இல்ல, ரோஸ். அடுத்தது மண்டைக்கு வரும்னு தோணுச்சு. ஓடி வந்துட்டேன்.”