முத்துராஜுக்கு

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். மனோஜ்குமார் விரலை வைத்துக் காட்டிய வரியை மணிமேகலை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘முத்துராஜுக்கு 18,400.’

முத்துராஜ் அவள் புருசன். செத்து இரண்டு வருசம் ஆகிறது. நோட்டு, அவன் கூலி வேலை பார்த்த பூண்டுக் காட்டின் சொந்தக்காரர், மனோஜின் அப்பா வேலப்பன் எழுதியது. கடன் வாங்கிய மற்றவர்கள் பெயருக்கு நேரே கைநாட்டு இருந்தது. இந்த வரிக்கு நேரே ஒன்றும் இல்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி.”

“குடிக்கக் கடன் வாங்குறவரு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டா வாங்குவாரு?”

“அப்பாவைக் கேட்டுப் பாருங்க.”

“அவரு என்னையவே யாருன்னு கேக்குறாரு.”

வேலப்பனுக்கு மறதி நோய். பழகின பாட்டைக் கேட்டால் நினைவு கொஞ்சம் திரும்பலாம் என்று கொடைக்கானல் டாக்டர் சொல்லியிருந்தார். போனில் போட்ட பாட்டுக்கெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூலிக்கு வந்த மணிமேகலை வாசலில் பூண்டுத் தாள் நறுக்கிக்கொண்டே களையெடுப்புப் பாட்டை முனகியபோதுதான், கட்டில் சட்டத்தில் அவர் விரல் தாளம் போட்டது.

மனோஜ் அதைக் கவனித்திருந்தான். “தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பாவுக்குப் பாடுங்கக்கா. ஒரு நாளைக்கு எரநூறுன்னு கடன்ல கழிச்சுக்கலாம்.”

காட்டு வேலை முடிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பாடினாள். “பாட்டுக்காரி கெளம்பிட்டா” என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். மன்னவனூர்க் குளிரில் தொண்டை கட்டின நாளிலும் பாடினாள்.

ஐம்பதாம் நாள் வேலப்பன் கூடவே முனகினார். எண்பதாம் நாள் வாய் திறந்து வரக்காப்பி கேட்டார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் பாட்டு முடிந்ததும், மனோஜ் அந்த வரியைப் பேனாவால் குறுக்கே அடித்தான். “கடன் தீந்துச்சுக்கா.”

“ஏலே மனோஜு.”

வேலப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு மகன் பெயர் அவர் வாயில் வந்திருந்தது. மனோஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சுகன்யா, வெரசா வா. அப்பாவுக்குத் தெளிஞ்சிருச்சு” என்று மனைவியைக் கூப்பிட்டான். “சொல்லுங்கப்பா.”

“கையில இருந்தா குடிச்சிருவேன்னு கூலியில பாதியை எங்கிட்டயே சேத்து வைக்கச் சொன்னான் முத்துராஜ். வாங்காமலே போய்ச் சேந்துட்டான். எனக்கு மறந்துரும்னு நோட்டுல எழுதி வச்சேன். பதினெட்டாயிரத்து நானூறு. அவன் சம்சாரத்துகிட்டக் குடுத்துரு.”

மணிமேகலை மனோஜைப் பார்த்தாள். மனோஜ் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“அப்பாவுக்கு இன்னும் தெளியலைக்கா, நாளைக்கும் வந்து பாடுங்க.”