கோலத்துக்குப் பயந்த ரோபோ

“இன்னாடி இது, கோலத்தைப் பார்த்துட்டு ஓடுது? இதுவா நாளைக்குச் சண்டை போடப் போவுது?” சுப்புராமன் சிரித்தார்.

பூஜை அறை வாசலில் பின்வாங்கிய ரோபோவை ரோகிணி தூக்கினாள். “ரோபோ சுமோ போட்டி மேடை கறுப்பு, ஓரம் வெள்ளைப்பா. வெள்ளையைப் பார்த்தா தானாவே பின்னால வரணும். இல்லாட்டி கீழ விழுந்துடும். எல்லா ரோபோவும் அப்படித்தான்.”

“தோத்துட்டு வந்தா, ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரவங்க முன்னாடி முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. மேல படிக்கிறேன்ற பேச்சும் கூடாது.”

“ஜெயிச்சா?”

“ஜெயிச்சுட்டு வந்து பேசு.”

காலையில் கிளம்பும்போது பார்த்தால், ரோபோவின் முன்பக்கத் தகட்டுச் சரிவு முழுக்க விபூதிப் பட்டை. அம்மாவின் பக்திக்கு அளவே இல்லை! துடைக்க நேரமில்லை. ரயிலுக்கு ஓடினாள்.

பொத்தேரியில் நடந்த போட்டியில், எதிராளியின் ரோபோ பாய்ந்து வந்து அந்தச் சரிவில் ஏறியது. ஏறிய வேகத்திலேயே விருட்டென்று பின்வாங்கியது. ரோகிணியுடையது விடாமல் முட்டி, அதை மேடைக்கு வெளியே தள்ளியது. அடுத்து வந்ததும் அப்படியே விழுந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மாலையில் கோப்பையோடு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “உன் விபூதியை மேடை ஓரம்னு நெனச்சு எல்லாம் ஓடிடுச்சும்மா!”

“நானா?” தெய்வநாயகி விழித்தாள். “காலையில குளிக்காமக்கூட விபூதியைக் குழைச்சுகினு இருந்தது உங்கப்பாடி.”

சுப்புராமன் பேப்பரை இறக்கவில்லை. “மாப்ள வூட்டுக்கு நேத்தே போன் பண்ணி, வர வேணாம்னுட்டேன். அந்தக் கோப்பையை இப்படிக் காட்டு.”