சுவருக்கு உள்ளே

எங்கள் அடுக்ககத்தில் சுவரும் வாசல் கதவும் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். சுவருக்கு உள்ளே இருப்பதற்கு மட்டும் வீட்டுக்காரர் காப்பீடு எடுக்க வேண்டும். அதனால் வருடாவருடம் காப்பீட்டுக்காரர் வந்து அளவெடுப்பார். டேப்பின் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்து நான் பிடித்துக்கொள்வேன். அவர் எதிர்ச்சுவர் வரை நடந்துபோய்ப் படிப்பார்.

போன வருடம் தலையைச் சொறிந்தார். "ஹால் குறையுதே சார். பழைய அளவு தப்பா இருக்கும்."

"அப்ப பிரீமியமும் குறையும்ல?" என்றாள் மனைவி. அவள் கவலை அவளுக்கு.

குறைந்தது. பிறகு சோபாவை விற்றோம். பீரோ கதவு கட்டிலில் இடித்ததால் கட்டிலையும் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தோம். சங்கத் தலைவர் வராந்தாவில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெளிப்பக்கம் அப்படியேதான் இருக்கு. உள்ள நடக்கிறது உங்க பாடு."

"வீட்ட வித்துடலாம்" என்றேன்.

"இத்தனூண்டு வீட்ட யாருங்க வாங்குவா?" என்றாள் மனைவி.

மனைவி நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். இன்று காலை காப்பீட்டுக்காரர் வந்தார். கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து என் தோளில் இடித்து நின்றது. தள்ளி நிற்கலாம் என்றால் முதுகில் சுவர்.

"கதவ உடைச்சிடுங்க!"

"அது சங்கத்தோடது சார், நான் கை வைக்கக்கூடாது. பரவாயில்ல, அளவு எடுத்துடலாம்."

இடுக்கு வழியாக டேப்பின் முனை உள்ளே வந்தது.

"எதிர்ச்சுவத்துல வச்சுப் புடிங்க சார்."

பிடித்தேன். கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.